ஆர்ட்டீமியா வளர்கிறது, குஞ்சு போடவில்லை: சேலம், ஏற்காடு வளர்ப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணமீன் குஞ்சுகளுக்கு உயிர்த்தீனி வளர்ப்பவர்களும் விலங்கியல் படிக்கும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. கேள்விகள் பலவாக இருந்தாலும் அடியில் கிடக்கும் விஷயம் ஒன்றுதான். ஆர்ட்டீமியா போன்ற சிறிய கடல் ஓட்டுயிரிக்கு (இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த உயிரி) கிடைக்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. உயிரோடு இருப்பதற்கான செலவு போக மிஞ்சுவதில்தான் அது வளரவும் வேண்டும், முட்டையிடவும் வேண்டும். அந்தச் செலவைக் குறைத்துக் கொடுப்பதே வளர்ப்பவரின் வேலை.

சேலத்தில் கடலே இல்லை. இங்கே எந்தக் கடல் ஓட்டுயிரியை வளர்க்க முடியும்?

எளிதானது ஆர்ட்டீமியா. மீன் கடைகளில் பிரைன் ஷ்ரிம்ப் என்று கேட்டால் டப்பாவில் காய்ந்த முட்டையாகவே தருவார்கள். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான நீரையும் தாங்கும் உயிரி இது. தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே உண்டு. அடுத்தது கோபிபாட்கள் என்னும் மிகச் சிறிய ஓட்டுயிரிகள். இவற்றில் டிஸ்பே போன்ற அடித்தள வகைகளை வீட்டில் வைத்திருக்கலாம். அகார்ட்டியா போன்ற மிதவை வகைகளுக்கு உயிருள்ள நுண்பாசி நாள்தோறும் வேண்டும் என்பதால் ஆய்வகம் இல்லாமல் கடினம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஆர்ட்டீமியா பற்றிப் பேசுகிறோம், தேவையான இடத்தில் கோபிபாடை ஒப்பிடுகிறோம்.

தின்னும் தீனியெல்லாம் எங்கே போகிறது?

விழுங்கியதில் ஒரு பகுதி செரிக்காமல் கழிவாக வெளியேறும். செரித்ததில் பெரும்பங்கு பராமரிப்புக்குப் போகும். நீந்துவது, மூச்சு விடுவது, உடைந்த புரதத்தைப் புதுப்பிப்பது, உடலுக்குள் நுழையும் உப்பை வெளியே தள்ளுவது எல்லாம் இதில் அடக்கம். கொஞ்சம் அம்மோனியாவாக வெளியேறும். கழற்றி எறியும் தோலிலும் கொஞ்சம் போகும். இவை போக மிஞ்சுவதுதான் உடல் வளர்ச்சிக்கும் முட்டைக்கும். சம்பளத்தில் வாடகை, மின்கட்டணம், மளிகை போக மிச்சத்தில் சீட்டுக் கட்டுவதைப் போன்ற கணக்கு இது. வாடகை ஏறினால் முதலில் நிற்பது சீட்டுதான். ஆர்ட்டீமியாவிலும் சூடோ உப்போ ஏறினால் முதலில் குறைவது குஞ்சு எண்ணிக்கை.

இதைக் கணிதமாக எழுதும் முறைகளில் பெயர்பெற்றது, டச்சு அறிவியலாளர் கோய்மன் 1979-இல் தொடங்கிய சக்திப் பங்கீட்டுக் கோட்பாடு. சேமிப்பிலிருந்து எடுக்கப்படும் சக்தியில் ஒரு நிலையான பங்கு உடலுக்கு, அதாவது பராமரிப்புக்கும் வளர்ச்சிக்கும் போகிறது. மீதி முதிர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் போகிறது. இந்தப் பங்குக்குக் கப்பா என்று பெயர். டாஃப்னியா என்னும் நன்னீர் ஓட்டுயிரி முட்டையிடத் தொடங்கிய பிறகும் அதன் வளர்ச்சிக் கோட்டில் திடீர் முறிவு இல்லை என்பதை இந்த விதி நன்றாக விளக்குகிறது. முட்டைக்கான பங்கு முதலிலிருந்தே தனியாகத்தான் ஓடுகிறது. சிறு வயதில் அது இனப்பெருக்க உறுப்புகளை முதிரவைக்கிறது, முதிர்ந்தபின் முட்டையாகிறது.

ஒரு தாய் ஆர்ட்டீமியா முட்டைக்காக உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது?

பலரும் நினைப்பதைவிட மிக அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பொரித்த குஞ்சின் காய்ந்த எடை சுமார் 2 மைக்ரோகிராம். முழு வளர்ந்த பெண்ணின் காய்ந்த எடை சுமார் 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். நல்ல தீனியும் நல்ல நீரும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு குஞ்சு தன் எடையை ஏறக்குறைய 500 மடங்கு பெருக்கி 1 செ.மீ. நீளத்துக்கு வந்துவிடும். இதற்கிடையில் சுமார் 15 முறை தோலுரிக்கும்.

முதிர்ந்த பிறகு ஓர் ஈட்டுக்கு (ஒருமுறை போடும் தொகுதிக்கு) 100 குஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பெருக்கல் 2 என்றால் 200 மைக்ரோகிராம், தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. மிகச் சிறந்த சூழலில் 4 நாளுக்கு ஒருமுறை 300 வரை போடும். அப்போது ஓர் ஈட்டுக்கே தன் எடையில் 60 சதவீதம் போய்விடுகிறது, ஒரே வாரத்தில் தன் எடையளவு குஞ்சுகளை வெளியே விட்டிருக்கும். முதிர்ந்த ஆர்ட்டீமியாவின் சக்தியில் எவ்வளவு பெரிய பங்கு குஞ்சுக்குப் போகிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெண் ஆர்ட்டீமியா குஞ்சுகளை வெளியே விட்டதும் தோலுரிக்கும், அதன்பின்தான் அடுத்த தொகுதி முட்டை கருப்பைக்கு இறங்கும். தோலுரிப்பும் முட்டையிடுதலும் ஒரே சுழற்சியில் பின்னிக் கிடப்பதால், தோலுரிக்க முடியாத பெண்ணால் அடுத்த ஈடும் போட முடியாது. கால்சியம், மெக்னீசியம் குறைந்த நீரில் குஞ்சு நின்றுபோக இதுவும் ஒரு காரணம்.

கோபிபாடும் இப்படித்தானா?

இல்லை. கோபிபாடுக்கு 6 நாப்ளியஸ் (குஞ்சு) பருவம், அதன்பின் 5 கோபிபோடைட் (இளம்) பருவம், கடைசியாக முதிர்ந்த பருவம். முதிர்ந்தபின் அது தோலுரிப்பதே இல்லை, நீளம் கூடுவதும் இல்லை. பெண்ணிடம் மிஞ்சுவதெல்லாம் முட்டைக்குத்தான். அகார்ட்டியா டோன்சாவில் இளம் பருவத்தின் அன்றாட எடைக்கூடுதல் விகிதமும் முதிர்ந்த பெண்ணின் அன்றாட முட்டை உற்பத்தி விகிதமும் ஏறக்குறைய சமம் என்று அளந்திருக்கிறார்கள். அதே வேகத்தில் உருவாகும் பொருள் இப்போது உடலாகச் சேராமல் முட்டையாக வெளியேறுகிறது.

நடைமுறையில் இதனால் வரும் விளைவு முக்கியம். அகார்ட்டியாவிடம் சேமிப்பு மிகக் குறைவு. தீனியை நிறுத்தினால் ஓரிரு நாளில் முட்டை சரிந்துவிடும், திரும்பக் கொடுத்தால் அதே வேகத்தில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை யாரும் ஆய்வகத்துக்கு வராவிட்டால் திங்கள் முட்டை எண்ணிக்கையில் அது தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஆர்க்டிக் கடலின் கலானஸ் ஹைப்பர்போரியஸ் என்னும் கோபிபாட் கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்து, தீனியே இல்லாத குளிர்காலத்தில் முட்டையிடும்.

முட்டையை நீரில் விடும் வகைகள் நிறைய இடும், அவற்றில் பெரும்பாலானவை அழியும். பையில் சுமக்கும் வகைகள் குறைவாக இடும், ஆனால் அவற்றின் முட்டை இழப்பு மிகக் குறைவு. அகார்ட்டியா தன் குஞ்சையே தின்னும் என்பதால் தொட்டியடியில் சேரும் முட்டையை நாள்தோறும் குழாயில் உறிஞ்சி எடுத்து 60 மைக்ரான் வலையில் பிடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

பொரித்த ஆர்ட்டீமியாவை மீன் குஞ்சுக்கு எப்போது கொடுப்பது நல்லது?

பொரித்தவுடனே. முதல் பருவக் குஞ்சுக்கு வாயும் குடலும் திறந்திருக்காது, முட்டைக்கருவில் இருந்து வந்த சேமிப்பில்தான் அது நீந்திக்கொண்டிருக்கிறது. நம் அறை வெப்பத்தில் 8 மணி நேரத்தில் அடுத்த பருவத்துக்குத் தோலுரித்துவிடும். ஒரு நாள் தீனியில்லாமல் விட்டால் உள்ளே இருந்த சக்தியில் கால் பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். உருவம் பெரிதாகி இருப்பதால் சத்தும் கூடியிருக்கும் என்று தோன்றும், உண்மை அதற்கு எதிர். வேகமும் கூடியிருப்பதால் சிறிய ஃபைட்டர் குஞ்சுகளால் பிடிக்கவும் முடியாது.

மிச்சமிருந்தால் சல்லடையில் எடுத்து, புதிய உப்பு நீரில், அகலமான தட்டில் ஆழம் குறைவாக ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 4 டிகிரியில் செலவு ஏறக்குறைய நின்றுவிடும், ஒரு நாள் வரை தரம் கெடாது.

பொரிக்கும் முறை: 2 லிட்டர் குளிர்பான பாட்டிலைக் கவிழ்த்து அடியை வெட்டுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் கல் உப்பு, அரைக் கரண்டி ஆப்பச் சோடா. பிஎச் 8-க்குக் கீழே இறங்கக் கூடாது. லிட்டருக்கு அதிகபட்சம் 2 கிராம் முட்டை. 25 முதல் 28 டிகிரி, மேலே நல்ல வெளிச்சம், அடியிலிருந்து பலமான காற்று. 24 மணி நேரத்தில் பெரும்பகுதி பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரிக்காதது அடியில் தங்கும், அடிப்பக்கத்தில் விளக்கு வைத்தால் குஞ்சு அங்கே கூடும். தரமான முட்டை ஒரு கிராமில் 2 லட்சத்துக்கு மேல் குஞ்சு வரும்.

சேலத்து போர் தண்ணீரில் உப்புக் கரைத்தால் போதுமா?

பொரிக்கப் போதும். முழு வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் போதாது. கடல்நீர் ஒரு லிட்டரில் மெக்னீசியம் சுமார் 1,290 மி.கி., கால்சியம் 410 மி.கி., பொட்டாசியம் 390 மி.கி. இருக்கும். மேக்னசைட் வெட்டியெடுக்கும் சாக் ஹில்ஸ் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானதுதான் என்றாலும், எந்தக் குடிநீர்க் கிணற்றின் கடினத்தன்மையும் கடல்நீரின் அருகில் வராது. கல் உப்பு ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு.

ஆர்ட்டீமியாவுக்கு மலிவான கலவை, 10 லிட்டருக்கு: அயோடின் சேர்க்காத கல் உப்பு 300 கிராம், எப்சம் உப்பு 60 கிராம், ஆப்பச் சோடா 10 கிராம், வெள்ளைப் பொட்டாசியம் குளோரைடு 7 கிராம். கடின நீரில் சோடா போட்டதும் பால்போல் வெளுக்கும், கால்சியம் கார்பனேட் பிரிவதால் அப்படி ஆகிறது. ஓர் இரவு காற்று ஓடவிட்டு, மறுநாள் தெளிந்ததை மட்டும் எடுங்கள். வீட்டுக் குழாயில் வரும் மேட்டூர்க் காவிரி நீரில் குளோரின் இருக்கும். அதையும் ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கோபிபாடுக்கு இந்தக் குறுக்குவழி வேண்டாம். ஆர்.ஓ. நீரில் கடல் மீன் தொட்டிக்கு விற்கும் உப்புக் கலவையைக் கரைத்துக்கொள்ளுங்கள்.

நுண்குமிழி விடும் ஏர் ஸ்டோனை வளர்ப்புத் தொட்டியில் போடாதீர்கள். சிறு குமிழிகள் கால்களுக்கிடையில் சிக்கி ஆர்ட்டீமியாவை மேலே மிதக்கவைத்துவிடும். வெறும் டியூப் முனையில் பெரிய குமிழியாக வரட்டும்.

ஏப்ரல், மே வந்தால் எல்லாம் சாகிறது, அல்லது சாகாமல் சும்மா இருக்கிறது. ஏன்?

கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நகரத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன.

முதலாவது, பராமரிப்புச் செலவு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் மூச்சின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 25 டிகிரியில் போதுமாக இருந்த தீனி 33 டிகிரியில் மூச்சுக்கே சரியாகப் போய்விடும். தின்னும் வேகமும் ஓரளவுக்குக் கூடும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அது ஏறாது, செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். இடைவெளி மூடும் இடத்தில் குஞ்சு நிற்கும்.

இரண்டாவது, ஆக்சிஜன். 25 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மி.கி. கரையும். அதே வெப்பத்தில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) உப்பு நீரில் 6.8 தான். 30 டிகிரியில் அது 6.2 ஆகிறது. தேவை கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது. தீனி கலங்கிய நீரில் பாக்டீரியாவும் பங்குக்கு வரும்.

மூன்றாவது, ஆவியாதல். 35 பிபிடி நீர் 10 லிட்டர் 8 லிட்டராக வற்றினால் உப்பு கிட்டத்தட்ட 44 பிபிடி. உப்பு ஏறினால் உடலிலிருந்து அதை வெளியேற்றும் செலவும் ஏறும். தொட்டியின் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டு, வற்றியதை உப்பில்லாத நீரால் நிரப்புங்கள். உப்பு நீரால் நிரப்புவதுதான் நாம் அதிகம் காணும் தவறு.

செய்ய வேண்டியவை: தொட்டியை மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் வைக்காமல் தரைத்தளத்தில், சுவர் வெயில் படாத பக்கம் வையுங்கள். பிளாஸ்டிக் டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டி மின்விசிறிக் காற்றுப் படவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போட்டால் வெப்பம் ஏறி இறங்கி ஆடும், அந்த ஆட்டமே ஒரு செலவு. கோடைக்கு எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நடுப்பகல் தீனியை நிறுத்திவிட்டு அதிகாலையிலும் இரவிலும் கொடுங்கள். நீர் 35 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் பெரும்பாலான வகைகள் தாங்காது. அந்த இரண்டு மாதமும் வளர்ப்பதை விட்டு, பொரித்து மட்டும் கொடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

ஏற்காட்டில் குளிர்தானே, அங்கே நன்றாக வருமா?

வரும், மெதுவாக. 20 டிகிரி நீரில் முதிர்ச்சிக்கு வாரங்கள் கூடும். ஆனால் குளிரில் மெதுவாக வளரும் ஓட்டுயிரிகள் பெரும்பாலும் பெரிய உடலோடு முதிர்கின்றன, பெரிய உடலில் ஓர் ஈட்டுக்கு முட்டையும் அதிகம். சேலத்தில் சின்ன உடல், அடிக்கடி ஈடு. ஏற்காட்டில் பெரிய உடல், தள்ளித் தள்ளி ஈடு.

மலையில் பலரும் மறந்துவிடுவது காற்றழுத்தம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 83, 84 சதவீதமே, நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். 20 டிகிரி உப்பு நீர் கடல்மட்டத்தில் லிட்டருக்கு 7.4 மி.கி. வைத்திருக்கும் என்றால் அங்கே சுமார் 6.1 தான். குளிரால் கிடைத்த லாபத்தின் பெரும்பகுதியை உயரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கேயும் ஏர் பம்பில் சிக்கனம் வேண்டாம். பொரிப்பதற்கு மட்டும் ஹீட்டர் வைத்து 27 டிகிரியில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் 24 மணி நேர வேலை 48 மணி நேரத்துக்கு இழுக்கும், முன்னும் பின்னுமாகப் பொரித்து முதலில் வந்தவை பட்டினி கிடக்கும்.

ஜவ்வரிசி மாவு, மரவள்ளித் திப்பி இங்கே மலிவாகக் கிடைக்கிறதே. அதைத் தீனியாகப் போடலாமா?

வேண்டாம். சேலம் மாவட்டத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, காரணமும் புரிகிறது. மரவள்ளி மாவில் சக்தி உண்டு, மாவுச்சத்து கிராமுக்குச் சுமார் 17 கிலோஜூல். ஆனால் உடலையும் முட்டையையும் கட்டப் புரதமும் கொழுப்பும் வேண்டும், மாவில் இரண்டுமே பெயரளவுக்குத்தான். ஆர்ட்டீமியா அதை வடிகட்டி விழுங்கும், நீந்தும், பல நாள் சாகாமலும் இருக்கும். வளராது, குஞ்சும் போடாது. மிஞ்சிய மாவு புளித்து பிஎச்சைக் கீழே இழுக்கும், பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சும். ஆலைக் கழிவு நீரும் ஈரத் திப்பியும் இன்னும் ஆபத்து: மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, சயனைடு செல்களின் மூச்சையே நிறுத்துவது.

கைக்குக் கிடைப்பதில் நல்லது அரிசித் தவிடு. புரதம், கொழுப்பு இரண்டும் இருக்கிறது. ஆலையிலிருந்து வாங்கிய தவிடு சில நாளிலேயே சிக்கு நாற்றம் எடுக்கும். வாங்கிய அன்றே வாணலியில் சிவக்காமல் சூடாக்கி ஆறவிட்டு டப்பாவில் அடையுங்கள். 50 கிராம் தவிட்டை ஒரு லிட்டர் உப்பு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்து, 50 மைக்ரான் துணியில் பிழியுங்கள். ஆர்ட்டீமியாவால் ஏறக்குறைய 50 மைக்ரானுக்குக் கீழுள்ள துகளைத்தான் விழுங்க முடியும், அதைவிடப் பெரியதெல்லாம் அடியில் அழுகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஸ்பைருலினா பொடியை அதே முறையில் கரைத்துச் சேர்த்தால் ஈட்டின் அளவு கூடும். ஈஸ்ட்டை மட்டும் நம்பினால் வளர்ச்சி பாதியில் நிற்கும்.

அளவைக் கிராமில் சொல்வதைவிடக் கலங்கலில் சொல்வது நம்பகமானது. வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை ஒரு குச்சியில் பொருத்தி நீரில் இறக்குங்கள். முதல் வாரம் அது 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் கண்ணுக்கு மறைய வேண்டும், பிறகு 20 முதல் 25 செ.மீ. அதற்கு முன்பே மறைந்தால் தீனி அதிகம். ஆர்ட்டீமியா நிறுத்தாமல் வடிகட்டும் உயிரி. துகள் மிகுந்தால் வேகமாக விழுங்கி, செரிக்காமலே வெளியே தள்ளும். எச்சம் நீளமாக, தவிட்டின் நிறத்திலேயே வந்தால் அதுதான் நடக்கிறது. அள்ளிப் போட்ட தீனியால் உள்ளே சேரும் சக்தி குறைகிறது என்பது பலருக்கும் நம்பக் கடினமான செய்தி. ஒரு நாள் தீனியை நான்கு ஐந்து தவணையாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்.

பெண்ணின் வயிற்றில் பை இருக்கிறது. குஞ்சு வருமா, காய்ந்த முட்டை வருமா என்று முன்பே தெரியுமா?

தெரியும். கைலென்ஸில் பாருங்கள். கருப்பைப் பையின் அருகே உள்ள ஓட்டுச் சுரப்பிகள் நிறமில்லாமல் இருந்தால் நேரடியாக நீந்தும் குஞ்சு வரும். அடர்பழுப்பாக இருந்தால் ஓடு பூசிய உறக்க முட்டை வரும்.

நல்ல காலத்தில் குஞ்சு, கெட்ட காலத்தில் முட்டை என்பதே பொதுப் போக்கு. உப்பு ஏறுவது, ஆக்சிஜன் குறைவது, தீனி ஏறி இறங்குவது எல்லாம் முட்டைப் பக்கம் தள்ளும். உறக்க முட்டையின் ஓட்டுக்குத் தனிச் செலவு உண்டு. ஆனாலும் உப்பளம் காய்ந்து கட்டியானாலும் அது பிழைக்கும் என்பதால் அந்தச் செலவு வீணில்லை. தொட்டியில் எல்லாம் பழுப்பாக வந்தால், உப்பைச் சில நாள்களில் 35 பிபிடி அளவுக்குக் குறைத்து, காற்றைக் கூட்டி, தீனியைச் சீராக்குங்கள். வளரும் ஈடு மாறாது, அடுத்தடுத்த ஈடுகளில் மாற்றம் தெரியும்.

முட்டைதான் வேண்டும் என்றால் உப்பை நாளுக்குச் சிறிது சிறிதாக 80 முதல் 100 பிபிடி வரை ஏற்றுங்கள். முட்டை மேலே மிதந்து ஓரத்தில் ஒட்டும். எடுத்ததை உடனே பொரிக்கப் போட்டால் பெரும்பாலும் பொரிக்காது, அது உறக்கத்தில் இருக்கிறது. லிட்டருக்கு 300 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஒரு நாளாவது ஊறவைத்து உள்நீரை இழக்கச் செய்து, நன்னீரில் விரைவாக அலசி (காலி ஓடு மிதக்கும், நல்லது இறங்கும்), நிழலில் மெல்லிய அடுக்காக உலர்த்திக் காற்றுப் புகாமல் வைக்க வேண்டும்.

என் தொட்டியில் எல்லாமே பெண். ஆணே இல்லை. தவறான முட்டையா?

இல்லை. தூத்துக்குடி உப்பளங்களில் ஆண் துணையின்றிப் பெருகும் வகை உண்டு, அதில் எல்லாமே பெண். அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியிலிருந்து வரும் டப்பா முட்டையில் இரண்டு பாலும் இருக்கும். தலையில் கொக்கிபோன்ற பெரிய பிடியோடு பெண்ணைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டு நீந்துவது ஆண்.

நிறம் சிவந்துவிட்டது. நோயா?

பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறை. இருப்பதை அதிகம் பிடித்துக்கொள்ள ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, அந்தப் புரதமும் முட்டைக்குப் போக வேண்டிய கணக்கிலிருந்தே வருகிறது. காற்றைக் கூட்டுங்கள், அடியில் சேர்ந்த கழிவை உறிஞ்சி எடுங்கள். பூநாரைகள் வரும் உப்பளங்களிலும் உப்பேரிகளிலும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம் தொற்றிய ஆர்ட்டீமியாவும் சிவந்து, முட்டையிடும் திறனை இழந்துவிடும். வீட்டுத் தொட்டியில் அதற்கு வாய்ப்பில்லை.

பட்டினி கிடந்தால் உடல் சுருங்குமா?

அன்டார்ட்டிக் கிரில் என்னும் இறால்போன்ற ஓட்டுயிரி சுருங்கும். நெடும்பட்டினியில் தோலுரிக்கும்போது முன்னதைவிடச் சிறிய உடலோடு வெளியே வரும், அதனால் நீளத்தை மட்டும் வைத்து அதன் வயதைச் சொல்ல முடியாது. ஆர்ட்டீமியாவில் பட்டினியின் முதல் அடையாளம் ஈடுகளுக்கிடையே நாள் நீள்வதும், பையில் முட்டை எண்ணிக்கை குறைவதும். ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் தீனியில்லாவிட்டால் முதிர்ந்தவை தாங்கும். சேர்த்து வைத்துக் கொட்டிவிட்டுப் போனால்தான் தொட்டி போகும்.

மீனுக்குக் கொடுக்கப் பெரியதாகப் பார்த்துப் பிடிக்கலாமா?

ஒருமுறை செய்தால் கெடுதல் இல்லை. பல தலைமுறை அப்படியே செய்தால், பெரிதாகும் முன்பே முட்டையிட்டவைதான் வாரிசு விட்டிருக்கும். மீன்கள் பெரிய டாஃப்னியாவையே தேடித் தின்னும் ஏரிகளில், டாஃப்னியா சிறிய அளவிலேயே முதிரத் தொடங்குவது நன்கு அறியப்பட்ட ஒன்று. ஒரு பக்கமாக வலையை இழுத்து, வந்ததை அப்படியே எடுங்கள். பை நிறைந்த பெண்களைத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

குளத்தில் பிடிக்கும் மோய்னாவுக்கும் இதே விதியா?

அடிப்படை அதேதான். மோய்னா நன்னீர் உயிரி, சில நாளிலேயே முதிரும். நெரிசலிலும் பட்டினியிலும் ஆண்களையும் உறக்க முட்டைகளையும் உண்டாக்கும். உப்பு நீரில் விட்டால் சாகும். ஆர்ட்டீமியாவோ நன்னீர் மீன்தொட்டியில் சில மணி நேரம் உயிரோடிருக்கும், ஆகவே மீன் கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் விடுங்கள்.

கல்லூரி ப்ராஜெக்டுக்கு இந்தப் பங்கீட்டை எப்படி அளப்பது?

விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை ஒரே தொட்டியில் வளர்த்து, முதிர்ந்ததும் 50 மி.லி. கப்புகளில் ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள். இரண்டு உப்பளவு (35, 80 பிபிடி), இரண்டு தீனியளவு, ஒவ்வொன்றிலும் 10 ஜோடி என்றால் 40 கப். 80 பிபிடிக்குப் போகும் கூட்டத்தை அதற்கு முன்பே படிப்படியாகப் பழக்கிவிட வேண்டும். நேராகத் தூக்கிப் போட்டால் நீங்கள் அளப்பது அதிர்ச்சியைத்தான்.

வளர்ச்சிக்கு, வாரம் ஒருமுறை கிராஃப் தாளின்மேல் கண்ணாடித் தட்டு வைத்து, தலை முன்முனையிலிருந்து வால் முனைவரை நீளம் எடுங்கள், வால் இழைகளைச் சேர்க்காதீர்கள். இனப்பெருக்கத்துக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் மாற்றும்போது குஞ்சையும் முட்டையையும் தனித்தனியாக எண்ணுங்கள். மூச்சுக்கு, 300 மி.லி. பிஓடி பாட்டிலில் வடிகட்டிய நீரோடு 20 முதிர்ந்தவற்றை இரண்டு மணி நேரம் இருட்டில் வைத்து, உயிரி இல்லாத பாட்டிலோடு ஒப்பிட்டு வின்க்லர் என்னும் டைட்ரேஷன் முறையில் ஆக்சிஜன் பாருங்கள். ஒரு மி.கி. ஆக்சிஜனுக்குச் சுமார் 14 ஜூல். காய்ந்த திசுவுக்கு மி.கிராமுக்குச் சுமார் 20 ஜூல் வைத்துக்கொண்டால் எல்லாமே ஒரே அலகுக்கு வந்துவிடும்.

மாணவர்களின் முடிவுகள் பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். கழற்றிய தோலை எடுத்து எண்ணாமல் விடுவது ஒன்று, வளர்ச்சிக்கணக்கில் அது காணாமல் போகும். காய்ந்த எடை எடுக்குமுன் நன்னீரில் அலசாதது இன்னொன்று. உடலில் ஒட்டிய உப்பே உடல் எடையாகத் தெரியும், 80 பிபிடி கூட்டம்தான் நன்றாக வளர்ந்தது என்று தலைகீழான முடிவு வரும். 60 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தி, பத்துப் பத்தாகச் சேர்த்து எடை போடுங்கள்.

பழைய நீரை எங்கே ஊற்றுவது?

கழிவுநீர்ச் சாக்கடையில். தோட்டத்து மண்ணிலோ செடிக்கோ வேண்டாம், உப்பு மண்ணிலேயே தங்கும். ஏற்காடு ஏரி, பனமரத்துப்பட்டி ஏரி போன்ற நீர்நிலைகளிலும் கொட்டாதீர்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் போகும்போது மிஞ்சிய முட்டையை உப்பளத்தில் தூவிப் பார்க்கவும் கூடாது. வெளிநாட்டு வகை ஏற்கெனவே இந்திய உப்பளங்களில் பரவி, உள்ளூர் வகையின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.